சுக்குக் காப்பியில் காப்பி இல்லை

2025 டிசம்பர் இறுதியில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒரு விளக்கக் குறிப்பை வெளியிட்டது. கமெலியா சினென்சிஸ் என்னும் தேயிலைச் செடியிலிருந்து பெறப்படாத எந்தப் பொருளுக்கும் ‘டீ’ என்னும் பெயர் ஆகாது. மூலிகை டீ, பூ டீ, ரூய்போஸ் டீ என்றெல்லாம் பொட்டலத்தின் மேல் அச்சிடுவது நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதாகும் என்பது அதன் சாரம். உற்பத்தியாளரும் விற்பவரும் இணைய வணிகரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் மாடித்தோட்டத்துத் துளசியையும் கொல்லை இஞ்சியையும் வெல்லத்தோடு சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கும் வீடுகளை இக்குறிப்பு நேரடியாகத் தொடாது. சட்டம் பொட்டலத்தைப் பற்றியது. தம்ளரைப் பற்றியது அன்று. ஆயினும், அவ்வீடுகளில் சில இன்று துளசியையும் முருங்கையிலையையும் உலர்த்திச் சிறு உறைகளில் இட்டு விற்கத் தொடங்கியிருக்கின்றன. உறையின் மேல் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆணையம் சொல்வது சட்டப்படி சரியே. தேயிலைக்கு உணவுச் சட்டத்தில் தனி வரையறை உண்டு. நீலகிரியில் பசுந்தேயிலையின் கொள்முதல் விலைக்காக ஆண்டுதோறும் போராடும் சிறு விவசாயிக்கு, தன் பயிரின் பெயரை வேறொன்று சுமந்து திரிவதில் வருத்தம் இருப்பது இயல்பு. ஆனால், 2020இல் கொரோனாப் பரவலின்போது இதே நடுவண் அரசின் ஆயுஷ் அமைச்சகம், துளசி, இலவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர்திராட்சை ஆகியவற்றைக் காய்ச்சிய ‘மூலிகை டீ’யை நாளுக்கு ஒன்றிரண்டு முறை குடிக்குமாறு நாட்டு மக்களுக்கு அறிவுறுத்தியது. வேண்டுமாயின் வெல்லமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஐந்தாண்டு இடைவெளியில் ஓர் அரசு அலுவலகம் பரிந்துரைத்த பெயரை இன்னோர் அலுவலகம் தவறு என்கிறது. இதில் முரண்பாட்டைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது வேறொன்று. அமைச்சகம் மக்களிடம் பேச வந்தபோது, ‘டீ’ என்னும் சொல் தாவரப் பெயராக அதற்குத் தோன்றவில்லை. சூடாக, சிறிது இனிப்பாக, வடிகட்டிக் குடிக்கப்படும் ஒன்றின் பொதுப்பெயராகவே தோன்றியது. பேசுவோரின் மொழி அப்படித்தான் இயங்குகிறது.

சுக்குக் காப்பி இதற்குத் தெளிவான சான்று. பனை வெல்லமோ கரும்பு வெல்லமோ கரைத்து, சுக்கும் மல்லியும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கும் அப்பானத்தில் காப்பிக் கொட்டை பெரும்பாலும் ஒன்றுகூட இராது. ஒரு சிட்டிகைத் தூள் சேர்ப்போர் உண்டு, அவர்கள் சிறுபான்மையர். சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கிலும் அது ‘சொண்டி காபி’தான். காப்பி என்று எண்ணி ஏமாந்து சுக்குக் காப்பியை வாங்கியவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானதையும், டீ உழைப்பாளர் பக்கம் ஒதுங்கியதையும் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி வந்து, காலைச் சூட்டுப் பானத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, முன்பே இருந்த சுக்குநீரும் அதன் பெயரைப் பூண்டுகொண்டது. புதியவர் பெயரைப் பழையவர் ஏற்ற கதை அது.

தேநீர் என்னும் சொல்லின் வரலாறும் அவ்வளவு தூய்மையானதன்று. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் வழங்கும் மின் மொழியின் ‘தே’ டச்சு வணிகரின் கப்பலில் உலகம் சுற்றியது. தரைவழியாகவும் மக்காவ் வழியாகவும் ‘சா’ பரவியது. இந்தியும் கன்னடமும் சாவின் பக்கம். மலையாளத்தில் குடிப்பது சாய, கடையில் வாங்கும் இலை தேயில. ஒரே வீட்டில் இரு கப்பல்களும் கரைசேர்ந்திருக்கின்றன. தெலங்கானா பெரிதும் சாய் என்கிறது. இராயலசீமை டீ என்கிறது. எழுத்துத் தெலுங்கில் ‘தேனீரு’ என்றும் ஒரு சொல் உண்டு. தமிழில் ‘தே’யோடு நீரைச் சேர்த்துத் தேநீர் என்றாக்கினார்கள். உயிர்களுக்கு இடையில் நகரமும் னகரமும் ஒலியில் வேறுபடாமையால், கடைப் பலகைகளில் பாதி ‘தேனீர்’ என்றே எழுதப்பட்டிருக்கும். எழுத்துப்பிழை என்று திருத்துவது எளிது. ஆனால் பலகை எழுதியவரின் செவியில் அது தேன் கலந்த நீர். சர்க்கரை மிகுத்துப் போடும் கடையாயின் அவர் எழுதியதில் பிழையும் இல்லை.

இச்சொற்களின் அமைப்பில் ஒரு பொதுமை உண்டு. தமிழில் டீத்தண்ணி, காப்பித்தண்ணி. இலங்கைத் தமிழில் தேத்தண்ணி. தெலுங்கில் ‘டீ நீள்ளு’. எதைப் போட்டாலும் தலைச்சொல் நீர்தான். இளநீர், பதநீர், வெந்நீர், சுக்குநீர் என்று நீருக்கு முன்னால் எதையும் வைத்துச் சொல்லாக்கும் வசதி இவ்விரு மொழிகளுக்கும் இயல்பாகவே இருக்கிறது. ‘துளசி டீ’ என்பதோ ஆங்கிலத் தொடரின் நிழல். ஆங்கிலத்தில் மாட்டிறைச்சியைக் காய்ச்சி வடித்த சாறுகூட ஒருகாலத்தில் டீ எனப்பட்டது. அங்கே அச்சொல் எப்போதோ இனப்பெயர் எல்லையைத் தாண்டிவிட்டது. பிரெஞ்சுக்காரர் மட்டும் மூலிகைப் பானத்துக்குத் ‘திசான்’ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டனர். அதன் கிரேக்க மூலத்துக்குப் பொருள் பார்லிக் கஞ்சி.

சித்தூர் நாட்டுக்கு இந்தச் சொற்கலப்பு புதிதன்று. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை எடுத்துச் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட மாவட்டம் அது. 1953இல் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு இத்தனை முறை நகர்ந்தும் நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கத்து அடுக்களைகளில் இரு மொழிகளும் ஒரே அடுப்பில்தான் கொதிக்கின்றன. திருமலையில் இராமானுசரின் சீடர் அனந்தாழ்வான் அமைத்ததாகச் சொல்லப்படும் பூந்தோட்டம் இன்று ‘புரிசைவாரி தோட்ட’ என வழங்குகிறது. புரிசை தமிழ், வாரி தெலுங்கு, தோட்டம் இருவருக்கும் உரியது. ஒரு தோட்டத்தின் பெயரே இவ்வாறிருக்க, அதில் பறித்த துளசியிலிருந்து வரும் பானத்துக்கு மட்டும் ஒற்றைத் தூய பெயரைத் தேடுவது வீண்.

பெயருக்கு முன் பொருளைப் பார்ப்பது நல்லது. வீட்டுத் தோட்டத்திலிருந்து இனிப்பான சூட்டுப் பானம் செய்வோர் பலர் ஒரே தவற்றைச் செய்கின்றனர்: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுகின்றனர். வேரும் கிழங்கும் பட்டையும் கொதிக்க வேண்டும்; இலையும் பூவும் கொதிக்கக்கூடாது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, நீர் முக்காலாகச் சுண்டியதும் அடுப்பை அணைத்து, அதன் பின்னரே துளசியையும், தெலுங்கில் நிம்மகட்டி எனப்படும் எலுமிச்சைப்புல்லையும் கசக்கி இட்டு மூடிவைக்க வேண்டும். துளசியின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும் எலுமிச்சைப்புல்லின் சிட்ராலும் ஆவியோடு பறந்துவிடக் கூடியவை. திறந்த பாத்திரத்தில் கால்மணி நேரம் கொதித்தால் தெருவெல்லாம் மணக்கும். தம்ளரில் ஒன்றும் இராது. கற்பூரவல்லியின் தடித்த இலை ஒன்று போதும். இரண்டு போட்டால் ஓம நெடி மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடும். தெலுங்கில் அதன் பெயரே ‘வாமு ஆக்கு’, ஓம இலை.

இனிப்புக்கு வெல்லம். அதுவும் சித்தூர் வட்டாரத்தில் கரும்பாலை அடுப்பருகே கிடைக்கும் கருமை கலந்த பழுப்பு வெல்லமாயின் நன்று. வெளிறிய மஞ்சள் நிறம் வேண்டிப் பாகில் ஹைட்ரோஸ் தூவும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கண்ணுக்கு அழகான கட்டியை நாக்குக்கு நம்ப முடியாது. பால் சேர்ப்பதாயின் வெல்லத்தைப் பாலோடு கொதிக்கவிடலாகாது. வெல்லத்தின் அமிலத்தன்மை பாலைத் திரித்துவிடும். வடித்த நீரில் வெல்லத்தைக் கரைத்து, சிறிது ஆறிய பாலைக் கடைசியில் ஊற்றுவதே வழி. இனிப்பையும் தோட்டத்திலிருந்தே பெற விரும்புவோர் சீனித்துளசி வளர்க்கின்றனர். தென்னமெரிக்கக் குவாரனி மக்கள் ‘இனிய மூலிகை’ என்னும் பொருளில் பெயரிட்ட செடி அது. அதன் இனிப்புக் கூறுகளைப் பிரித்தெடுத்தால் சர்க்கரையைப் போல இருநூறு முந்நூறு மடங்கு இனிக்கும். சூரியகாந்திக் குடும்பத்துச் செடிக்குத் தமிழில் துளசி என்று பெயர் வைத்தவர் தாவரவியலைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தார். அதைத் திருத்த எந்த ஆணையமும் முன்வரவில்லை.

கஷாயம் என்று பழம்பெயரிலேயே அழைத்துவிடலாம் என்போர் உண்டு. அச்சொல்லுக்கு வடமொழியில் முதற்பொருள் துவர்ப்பு. துவர்ப்பு மிகுதியாக உள்ள பானம் எதுவென்று பார்த்தால், டானின் நிறைந்த தேயிலைச் சாறுதான். துளசி வடிநீரில் அத்துவர்ப்பு மிகக் குறைவு. சொற்பொருளைப் பிடித்து நின்றால் தெருமுனைக் கடையில் விற்பதே கஷாயம்; வீட்டில் காய்ச்சுவது கஷாயமும் ஆகாது, டீயும் ஆகாது. அது ஒருபுறமிருக்க, கஷாயம் என்ற உடனே பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். மருந்தாகச் சுருங்கிவிட்ட சொல்லை விருந்துக்கு அழைப்பது கடினம்.

சித்த மருத்துவம் தந்த ‘குடிநீர்’ இன்னும் அழகிய சொல். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் ஆகியவை அண்மைக்காலத்தில் வீடுதோறும் அறிமுகமாயின. ஆனால், அன்றாட வழக்கில் அச்சொல் குழாய்த் தண்ணீருக்குப் போய்விட்டது. குடிநீர் வரி, குடிநீர் வாரியம் என்ற தொடர்களுக்கு நடுவே துளசிக் குடிநீர் நகராட்சித் திட்டம்போல ஒலிக்கிறது. ஊறவைத்து வடிப்பதற்கு ‘ஊறல்’ என்ற பொருத்தமான சொல்லும் உண்டு. அதைச் சித்தூரில் உறையின் மேல் அச்சிட்டால் வாங்குவோர் வருமுன் ஆயத்தீர்வைத் துறையினர் வருவர். கறுப்பு வெல்லத்தில் ஊறவைத்துக் காய்ச்சும் கள்ளச்சாராயத்தின் சொல் அது. தெலுங்கின் ‘பெல்லப்பு ஊட்ட’வும் அதுவே. பானகம் மிச்சமிருக்கிறது. இராமநவமிக்குத் திருப்பதித் தெருக்களில் வெல்லமும் சுக்கும் ஏலமும் கரைத்து வழங்கப்படும் அப்பானம் குளிர்ந்தது, பண்டிகைக்கு உரியது. அதன் பெயரைச் சூடான பானத்துக்குச் சூட்டினால், பானகத்தில் துரும்பு என்னும் பொருள்படும் தெலுங்குப் பழமொழி நினைவுக்கு வரும்.

இலங்கையில் இச்சிக்கலே எழவில்லை. உலகுக்குத் தேயிலை விற்ற தீவு, ஆவாரம்பூவையும் வில்வப்பூவையும் காய்ச்சிக் குடிப்பதை அப்பூக்களின் பெயராலேயே, ரணவரா என்றும் பெலிமல் என்றும் அழைக்கிறது. பின்னொட்டாகத் ‘தே’ வருவதில்லை. ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டே அதைக் குடிப்பார்கள். சித்தூரின் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் தங்கேடு என்னும் அதே ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறது. அதைக் காய்ச்சியவுடன் அதற்கு டீ என்று அடைமொழி வேண்டுவானேன்? ஆவாரம்பூ என்றாலே போதும்.

உண்மையில் பெயர் மயக்கத்தால் தீங்கு விளைவது வேறிடத்தில். ‘ஹைபிஸ்கஸ் டீ’ என்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதில் பெரும்பகுதி செம்பருத்திப் பூ அன்று. புளிச்சையின் சிவந்த புல்லிவட்டம். எகிப்தியர் கர்கதே என்று குடிப்பதும் அதுவே. கோங்கூரா என்று ஆந்திரம் கொண்டாடும் கீரை இரண்டு இனங்களிலிருந்து வருகிறது. அவற்றுள் ஒன்று இந்தச் செடியின் இனமே. கீரையை மட்டும் கிள்ளிக்கொண்டு மற்றதை மாட்டுக்குப் போடும் ஊரில், அச்செடியின் இன்னொரு பகுதி வெளிநாட்டுப் பெயர் தாங்கித் திரும்பி வருகிறது. கொல்லைச் செம்பருத்தியை உலர்த்தி அதே பெயரில் விற்பவருக்கும், தாம் விற்பது வேறு தாவரம் என்று தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ‘டீ’ என்ற சொல் எவரையும் ஏமாற்றவில்லை. ‘ஹைபிஸ்கஸ்’ ஏமாற்றுகிறது.

நன்னாரியின் கதை இன்னும் கடுமையானது. கர்நூல் முதல் சித்தூர் வரை கோடைக்காலத்தில் எங்கும் விற்கப்படும் நன்னாரி சர்பத்தில், தமிழ்நாட்டார் நன்னாரி என்று அறிந்த மெல்லிய வேர்க்கொடி, தெலுங்கில் சுகந்தி, எப்போதும் இருப்பதில்லை. பல வேளைகளில் அது மாரேடு கொம்முலு, தமிழில் மாகாளிக்கிழங்கு. மணம் ஏறக்குறைய ஒன்று, தாவரம் வேறு. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் கிழங்கோடு தோண்டி எடுக்கப்படும் மாகாளி, தென்னிந்தியாவின் பாறைச் சரிவுகளில் மட்டும் வளர்வது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் மலைத்தொடர் அதன் வாழிடங்களுள் ஒன்று. கிழங்கைத் தோண்டினால் கொடி சாகும். காட்டிலிருந்து கொண்டுவந்து விற்கும் யானாதி மக்களுக்குக் கிடைப்பது சொற்பம். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரே பெயரின் கீழ் இரண்டு தாவரங்கள் ஒளிந்திருப்பதால், குடிப்பவருக்குத் தாம் குடிப்பது குறைந்துவரும் ஒன்று என்ற செய்தியே எட்டுவதில்லை. உறையின் மேல் எந்தத் தாவரம், எங்கே வளர்ந்தது, தோட்டத்திலா காட்டிலா என்ற மூன்றையும் கட்டாயமாக்கும் ஒரு குறிப்பை ஆணையம் வெளியிட்டிருந்தால், அது ‘டீ’யைத் தடுத்ததைக் காட்டிலும் பன்மடங்கு பயன்பட்டிருக்கும்.

நன்னாரியைத் தொட்டியிலும் வேலியோரத்திலும் வளர்க்கலாம் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. வேர்த்துண்டிலிருந்தே முளைக்கும், கொடி ஏறுவதற்கு ஒரு குச்சி போதும், பொறுமைதான் தேவை. முதலாண்டில் வேர் நூல் அளவே இருக்கும். மேலும் ஓர் ஆண்டு விட்டுவைத்து, பக்கவேர்களை மட்டும் அறுத்தெடுத்துத் தாய்வேரை மண்ணிலேயே விட்டால் கொடி மீண்டும் தழைக்கும். வேரின் தோலிலேயே மணம் இருப்பதால், மண்ணைக் கழுவலாம், தோலைச் சீவலாகாது. நசுக்கி, வெந்நீரில் இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் வெல்லப்பாகோடு சேர்த்தால் சேஷாசலத்திலிருந்து எதையும் பிடுங்காமல் சர்பத்து கிடைக்கும்.

இனி, உறைக்குப் பெயர். 2020ஆம் ஆண்டின் உணவுப்பொருள் அடையாளச்சீட்டு விதிகளின்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரியில் எழுதிய இந்தியிலோ இருக்க வேண்டும். பிற மொழிகள் கூடுதலாக இடம்பெறலாம். அதாவது, நகரியில் தமிழும் தெலுங்கும் பேசும் ஒரு பெண், தன் கொல்லைத் துளசிக்கு இவ்விரு மொழிகளிலும் எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும், அது துணைப்பெயரே. முதற்பெயரை அவளுக்குத் தெரியாத மொழியிலிருந்து கடன் வாங்க வேண்டும். கடன் வாங்கிய ‘டீ’யையும் இப்போது திருப்பிக் கேட்கிறார்கள். மாற்றாக, தனியுரிமை உணவு அல்லது வரையறுக்கப்படாத உணவு என்னும் வகையில் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது குறிப்பு. பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு வழக்குரைஞரின் பிற்பகல் வேலை. ஐந்து பேர் கொண்ட மகளிர் குழுவுக்கு அது பல மாத அலைச்சல். துளசி, இஞ்சி, ஆவாரை, புளிச்சை போன்று தலைமுறைகளாக உண்ணப்பட்டு வருவனவற்றுக்கு ஒரு பொதுத் தரநிலையை வகுத்து, தாவரத்தின் பெயரையே உணவின் பெயராக எழுத விடுவது ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். ‘துளசி, இஞ்சி. வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்க’ என்று எழுதினால் எவர் ஏமாறுவார்?

வீட்டில் அதற்குப் பெயரே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மாலையில் விருந்தினர் வந்தால், பால் போட்டது வேண்டுமா, துளசி போட்டது வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள். இலக்கணத்தில் இது வினையாலணையும் பெயர். தெலுங்கிலும் ‘துளசி வேசிந்தி’ என்று அதே அச்சில் வார்த்த வடிவமே. செய்த செயலே பெயராகி நிற்கிறது. இன்று இஞ்சி போட்டது நாளை எலுமிச்சைப்புல் போட்டதாகும். கொல்லையில் அன்றைக்கு எது தழைத்திருக்கிறதோ அது.